பசி மறைத்த கடவுள்

1867 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாத்யூ ஆர்னால்டு என்னும் புலவரின் ‘டோவர் கடற்கரை’ அச்சேறிற்று. நிலவொளியில் கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு பின்வாங்கும் அலையோசையைக் கேட்டு நிற்கும் ஒருவர், சமய விசுவாசம் என்னும் கடலும் ஒரு காலத்தில் உலகைச் சூழ்ந்து நிறைந்திருந்து இப்பொழுது அவ்வாறே வற்றிப் பின்வாங்குவதாக உணர்ந்து துயருறுவதே அக்கவிதையின் பொருள். அதே ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள், வடலூரில், இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர் எவராயினும் சாதி, சமயம், ஊர் என்னும் விசாரணையின்றி உணவு பெறும்படி ஓர் அடுப்பில் தீ மூட்டினார். அவர் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் ‘திருவருட்பா’ என்னும் பெயரோடு நூலாக முதன்முதல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. இவ்விருவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இருவர் உள்ளத்தையும் அரித்த கேள்வி ஒன்றே: கடவுள் ஏன் மனிதனுக்கு விளங்காமற் போகிறார்?

விக்டோரியா மகாராணி அரசாண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தை நம் கல்லூரிகளில் ‘சந்தேகத்தின் யுகம்’ என்று பாடம் நடத்துவது வழக்கம். லயல் என்பார் பாறைகளைப் படித்து, பூமியின் வயது வேதாகமக் கணக்குக்கு அடங்காதது என்று காட்டினார், 1859 இல் டார்வின் தம் நூலை வெளியிட்டார், விசுவாசம் ஆட்டங்கண்டது, கவிஞர்கள் கலங்கினர் என்று அப்பாடம் செல்லும். இங்கிலாந்தைப் பொறுத்தவரையில் அது பிழையான பாடமன்று. அந்நூற்றாண்டு முழுமைக்கும், அக்காலத்தில் அதே மகாராணியின் பிரஜைகளாயிருந்த நம்மவர்க்கும், கடவுளைப் பற்றிய நெருக்கடி அது ஒன்றே என்பதுபோல் நடத்தும்போதுதான் அது குறைப்பாடமாகிறது. ஆங்கில இலக்கியம் பயிலும் வடசென்னை மாணவன், டோவர் கடற்கரையின் கூழாங்கற்களை மனப்பாடம் செய்துகொண்டு டோல்கேட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கிறான்; அவன் நிற்கும் அச்சாலையிலேயே அந்நூற்றாண்டின் மற்றொரு விடை நடந்துபோயிற்று என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

டோல்கேட் என்பது தண்டையார்பேட்டை முடிந்து காலடிப்பேட்டை தொடங்குமுன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரும் இடம். சுங்கம் வாங்கிய கதவு மறைந்து பெயர் மட்டும் எஞ்சி, 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நிலையத்தின் நெற்றியிலும் ஏறிவிட்டது. தூண்களுக்குக் கீழே சாலை, சாலைக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் கடல், வடக்கே எண்ணூர் வரையில் ஆலைகள், துறைமுகத்தை நோக்கி நாள் கணக்கில் வரிசை நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இவற்றுக்கு நடுவே வெள்ளிக்கிழமைதோறும், விசேஷமாகப் பௌர்ணமியில், திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் காணப் போகும் கூட்டம். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் தமையனார் சபாபதிப் பிள்ளையின் இல்லத்தில் வளர்ந்த இராமலிங்கர், இளமையில் ஒற்றியூருக்கு நாள்தோறும் நடந்து சென்று தொழுதவர் என்பது அவர் சரித்திரத்தில் யாவரும் அறிந்த செய்தி. ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர் போகிறவர்க்கு இந்த வடக்கு மார்க்கமன்றி வேறு மார்க்கம் ஏது? 1823 இல் மருதூரில் பிறந்து, ஏறத்தாழ 1858 இல் சென்னையை விட்டுத் தெற்கே செல்லும் வரையில், அவருடைய கவித்துவம் உருவானது இந்தச் சாலையிலும் அதன் முடிவிலிருக்கும் சந்நிதியிலுமே. டெனிசன் பெரும்புகழ் எய்திய ஆண்டுகளும் அவையே.

அக்கால ஆங்கிலக் கவிதையின் செய்கைத்திறனைச் சிறிது நோக்குவோம். டெனிசன், இளமையில் மாண்ட தம் நண்பர் ஆர்தர் ஹாலமை நினைந்து பதினேழு ஆண்டுகள் எழுதித் திரட்டி 1850 இல் வெளியிட்ட இரங்கற் காவியத்தில், நாலடிச் செய்யுளின் நடுவிரண்டடிக்கு ஓர் இயைபும், முதலடிக்கும் ஈற்றடிக்கும் மற்றோர் இயைபும் அமைத்தார். இரண்டாம் மூன்றாம் அடிகளில் முன்னேறுவது போலிருக்கும் ஓசை, நான்காம் அடியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்துவிடும். தேறினேன் என்று எண்ணும்போதே மீண்டும் துக்கத்தின் வாயிலில் நிற்கும் மனிதனின் அனுபவத்தை யாப்பே நடித்துக் காட்டுகிறது. உயிர்களைப் படைத்து ஈவிரக்கமின்றி அழிக்கும் இயற்கையின் பின்னே அன்பான ஒரு கடவுள் இருத்தல் கூடுமா என்று டார்வினுக்கு ஒன்பதாண்டு முன்பே அவர் கேட்டுவிட்டார். அது மிகவும் கண்ணியமான கேள்வி. வயிறு நிறைந்தவர் கேட்கும் கேள்வியும் கூட என்று சொன்னால் டெனிசனின் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பசித்தவர் பக்கம் நின்ற புலவர்களும் அங்கே இல்லாமலில்லை. 1843 ஆம் ஆண்டை இதற்கு ஒரு முக்கிய வருஷமாகக் கொள்ளலாம். அவ்வாண்டு டிசம்பரில் ‘பஞ்ச்’ பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் தாமஸ் ஹூட், தம் பெயர் போடாமல், விடிய விடியச் சட்டை தைத்து வயிறு கழுவும் ஒரு தையற்காரியின் பாட்டை எழுதினார். தையலையும் உழைப்பையும் குறிக்கும் சொற்கள் ஊசி ஏறியிறங்குவது போல் அதில் மீண்டும் மீண்டும் வந்து, படிப்பவனுக்கே கை வலிக்கும்படி செய்கின்றன. அதே ஆண்டில், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர் வேலை செய்வது பற்றி விசாரித்த அரசாங்கக் குழுவின் அறிக்கையால் தூண்டப்பெற்று, எலிசபெத் பாரெட் ‘குழந்தைகளின் ஓலம்’ என்னும் கவிதையை வெளியிட்டார். அவ்வறிக்கைக்காக உழைத்தவர்களுள் ஒருவர் அவர் நண்பர் ஹார்ன். அக்கவிதையின் சந்தம் சமனாக ஓடாது; இடறும், உருளும், தலைசுற்றும்; ஆலைச் சக்கரங்களின் சுழற்சி அடிகளுக்குள் புகுந்துவிட்டது. அதில் ஓரிடம் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. அவர்களுக்குத் தெரிந்த ஜபமோ, பிதாவை அழைக்கும் முதலிரண்டு சொற்களே. இரும்புச் சக்கரங்கள் இத்தனை இரைச்சலிடும்போது, அருகில் நடந்துபோகும் மனிதருக்கே தம் அழுகை கேட்பதில்லையே, தேவதூதர்கள் பாடும் இடத்திலிருப்பவருக்கு எங்ஙனம் கேட்கும் என்று அக்குழந்தைகள் திருப்பிக் கேட்கின்றன.

ஆர்னால்டின் துயரத்திற்கும் இக்குழந்தைகளின் வினாவுக்கும் எத்தனை தூரம்! அங்கே கடவுளை மறைத்தது அறிவு. இங்கே மறைத்தது சக்கரம். அறிவினால் வந்த மறைவை மேலும் அறிவினாலோ, அழகினாலோ, காதலினாலோ ஆற்றிக்கொள்ளலாம். ஆர்னால்டு செய்ததும் அதுவே. சக்கரத்தினால் வந்த மறைவு சக்கரம் நின்றாலன்றித் தீராது. பாரெட் அம்மையாரின் கவிதை வெளிவந்த நாலாண்டில், 1847 இல், பெண்களுக்கும் சிறுவர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை என்னும் சட்டம் பிறந்தது. கவிதை ஒன்றினாலேயே சட்டம் பிறந்தது என்று சொல்வது மிகை. அதற்காகப் பாடுபட்ட தொழிலாளரும் பாராளுமன்றத்தாரும் பலர். ஆயினும் சட்டத்தை விரும்பும் மனத்தைச் சமைத்ததில் கவிதைக்கும் பங்குண்டு.

ரஸ்கின் என்னும் கலைவிமர்சகர் 1856 இல் வெளியிட்ட தம் ‘நவீன ஓவியர்கள்’ நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு பெரிய வழக்கைத் தொடுத்தார். துயருற்ற கவிஞன் கடல்நுரையைக் கொடியதென்றும், கிளையில் எஞ்சிய இலையை நாட்டியமாடுவதென்றும் பாடுகிறான். நுரைக்குக் கொடுமையும் இலைக்கு நாட்டியமும் கிடையா. தன் உள்ளத்து உணர்ச்சியை ஜடத்தின்மேல் ஏற்றிப் பொய்யாகக் காண்கிறான். இது இரண்டாந்தரக் கவிஞர்க்கு இயல்பாகிய மயக்கம் என்பது அவர் கட்சி. நம் அணியிலக்கணத்தார்க்கு இது புதிதன்று. தண்டியலங்காரம் இதைத் தற்குறிப்பேற்றம் என்று பெயரிட்டு அணிகளுள் ஒன்றாக வைத்தது. மதுரைக்கு வரும் கோவலனை வரவேண்டாமென்று கோட்டைக் கொடிகள் கைகாட்டி மறுத்தனவாக இளங்கோவடிகள் கண்டதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கொடி காற்றில் ஆடிற்று; குறிப்பைப் புலவர் ஏற்றினார். பொய் என்று ரஸ்கின் கடிந்ததை நம்மவர் அணி என்று கொண்டாடினர். அவ்வளவே வேற்றுமை.

இராமலிங்கர் ஆறாந்திருமுறையில் ஒரு பாட்டில், நீரின்றித் தலை சாய்ந்த பயிரைப் பார்த்த போதெல்லாம் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். வீடுதோறும் இரந்தும் பசி தீராதவரையும், நெடுநாள் நோயுற்றவரையும், மானம் மிக்கவராயிருந்தும் ஏழைகளாய் மெலிந்தவரையும் கண்டபோது நேர்ந்ததையும் சொல்கிறார். தமிழர் இல்லந்தோறும் தெரிந்த அப்பாட்டின் அமைப்பை ஊன்றிக் கவனித்தவர் சிலரே. முதலடியில் பயிருக்கு நிகழ்ந்த வினை எதுவோ அதுவே பாடுகிறவருக்கும் நிகழ்கிறது. ஈற்றடியில் ஏழைக்கு நிகழ்ந்த வினை எதுவோ அதுவே பாடுகிறவருக்கும் நிகழ்கிறது. முதலிலும் முடிவிலும் ஒரே வினைச்சொல் பிறரிடத்தும் தம்மிடத்தும் நின்று இரண்டையும் பிணைக்கிறது. இங்கே பயிர் கவிஞனுக்காக வருந்தவில்லை. எவருடைய குறிப்பும் அதன்மேல் ஏற்றப்படவில்லை. உண்மையிலேயே நீரில்லாமற் சோர்ந்த ஒரு பயிரின் நிலை மனிதனுக்குள் வந்து இறங்குகிறது. தற்குறிப்பேற்றத்தைத் தலைகீழாகப் புரட்டிய இந்த அணிக்கு நம் அலங்கார நூல்களிலும் பெயர் காணோம். ரஸ்கினின் வழக்கும் இதன்மேல் செல்லாது, இதில் பொய்யென்று சொல்லத்தக்கது ஏதுமில்லையாதலின்.

இவ்வாறு பிறிதோர் உயிரின் நிலை தன்னுள் இறங்குவது கவிஞனின் மிகையுணர்ச்சியா, அன்றி ஒருவகை அறிவா என்பதே தத்துவக் கேள்வி. இராமலிங்கரின் விடையில் ஐயத்துக்கு இடமில்லை: அது அறிவு, கடவுளை அறியும் வழியும் அதுவே.

அவர் தொடக்கத்திலேயே இவ்விடத்துக்கு வந்துவிடவில்லை. ஒற்றியூர்க் காலத்துப் பாடல்கள் மரபின் கட்டுக்குள் நிற்பவை. வடிவுடையம்மன்மேற் பாடிய ‘வடிவுடை மாணிக்க மாலை’ கட்டளைக் கலித்துறையில் அமைந்தது; நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறெழுத்தும், நிரையசையில் தொடங்கினால் பதினேழெழுத்தும் வரவேண்டுமென்னும் நெருக்கடியான யாப்பு அது. பாட்டுக்குப் பாட்டு அம்மையை விளித்தே முடியும். புலமைக்கு அங்கே குறைவில்லை. பின்னாளிலோ அவர் கண்ணி, கும்மி, சிந்து என்று எழுத்தறியாதவரும் வாயிற் போட்டுக்கொள்ளும் உருவங்களை நாடினார். 1872 இல் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடிகள் சென்றும் சொல்லுக்கு அகராதி தேட வைப்பதில்லை. ஹூட் பத்திரிகைப் பாட்டின் மெட்டை நாடியதும் இவர் கும்மியை நாடியதும் காரணத்தால் ஒத்தவை. யாருக்காகப் பாடுகிறோம் என்னும் நினைவு மாறினால் யாப்பும் மாறிவிடும்.

அவர் பசியை அறிந்த இடமும் இந்தச் சாலைதான் என்று துணிந்து சொல்வேன். ஓரிரவு ஒற்றியூரிலிருந்து நேரங்கழித்துத் திரும்பியவர், வீட்டுக் கதவு சாத்தியிருக்கக் கண்டு, எவரையும் எழுப்பாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியார் இலையோடு வந்து எழுப்பிச் சோறிட்டார், உண்டு உறங்கினார். சிறிது நேரங்கழித்து மெய்யான அண்ணியார் கதவைத் திறந்து வந்து, சாப்பிட வா என்று அழைத்தபோதுதான் முன்னே வந்தவர் வடிவுடையம்மன் என்று விளங்கிற்று. சரித்திரம் எழுதியவர்கள் கூறும் இக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பக்குவம். திண்ணையில் பசித்து இளைத்துக் கிடந்தபோது தாய் வந்து எழுப்பி, ஒற்றிக்குப் போய்ப் பசித்தாயோ என்னும் கருத்தில் வினவி அமுதூட்டியதாகச் சுவாமிகளே பின்னாளில் ஒரு பாட்டில் குறித்திருப்பதால், கதைக்கு அடியில் ஓர் அனுபவம் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். சந்நிதியில் தரிசித்த தெய்வத்தை அவர் மீண்டும் சந்தித்தது சோற்றிலையின் முன்பு என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் நடந்த அவ்வழியின் தென்பகுதியில் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தோன்றிய தருமம் அது. அதனோடு ஒட்டி வளர்ந்த வைத்தியசாலையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. கவர்னர் ஸ்டான்லியின் பெயர் சூட்டி ஒரு நூற்றாண்டு நெருங்கியும், ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வயதானவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். கவர்னரைக் காட்டிலும் கஞ்சி நீண்ட ஞாபகமுடையது போலும்.

சுவாமிகளின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் வசன நூலில், பசி மிகுந்தபோது மனிதனுக்கு நேர்வதை விரித்துரைக்கும் ஒரு நீண்ட பகுதி உண்டு. தமிழ் உரைநடையில் அதற்கு இணையான பகுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணும் காதும் படும் பாட்டிலிருந்து அவர் தொடங்கவில்லை என்பதே அதன் ஆச்சரியம். முதலில் ஜீவனுடைய அறிவு மயங்குகிறது. அது மயங்கவே அவ்வறிவுக்கு அறிவாயிருக்கும் கடவுளின் விளக்கம் மறைகிறது. அதன் பின்னரே தத்துவங்கள் சோர்ந்து, குணங்கள் வேறுபட்டு, மனம் சிதறி, புத்தி கெட்டு, சித்தம் கலங்குகின்றன. அப்புறம் வாத பித்த சிலேட்டுமங்கள் நிலைமாறி, கண் பஞ்சடைந்து குழிந்து, காது செவிடுபட்டு, நாவுலர்ந்து, கைகால் துவண்டு, பேச்சுக் குழறி, பல்லும் ஆட்டங்காண்கிறது. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அவ்வசனத்தின் நடையே பசித்தவன் படிப்படியாகச் சரிவதைப் போன்றது. உணவு கிடைத்ததும் அத்தனையும் மீண்டும் தளிர்க்க, உள்ளே கடவுள் விளக்கமும் வெளிப்படுகிறது என்பது அதன் மறுபாதி.

ஆர்னால்டு தேடிய காரணம் இதில் கிடைத்துவிடுகிறது. மனிதனுக்குக் கடவுள் மறைவது பாறையின் வயதாலோ குரங்கின் வம்சாவளியாலோ என்று லண்டன் விவாதித்துக்கொண்டிருந்தது. பட்டினியால் என்றார் இவர். இதைச் சமத்காரமான உவமையென்று தள்ளிவிட இயலாது. அறிவு உடம்பில் தங்கியிருக்கிறது, உடம்பு உணவில் தங்கியிருக்கிறது, அறிவின் வழியாகவே கடவுள் விளங்கவேண்டும் என்னும் மூன்றையும் ஒப்புக்கொண்டால் முடிவு தானே வந்து விழும். பசித்தவனுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவனைப் பசியோடு விட்டுவைத்தவன் கடவுளின் விளக்கத்தையே அணைத்தவனாகிறான் என்பது அதனினும் கடுமையான சித்தாந்தம். நாத்திகம் எங்கே விளைகிறதென்று கேட்டால், புத்தகசாலைக்குப் பதில் காலியான பானையைக் காட்டுகிறது அது.

இதற்கொரு தடை எழும் என்பதை அவரே முன்னுணர்ந்து விடை கூறுகிறார். பசி முன்வினையின் தண்டனை. கடவுள் விதித்த தண்டனையை நாம் சோறிட்டுக் குறுக்கிடுவது அவர் ஆக்கினைக்கு விரோதமாகாதா? அரசன், தன் ஆணையை மீறிய பெருங்குற்றவாளியை விலங்கிட்டுச் சிறையில் வைத்தபோதும், சேவகர் கையால் அவனுக்கு ஆகாரம் கொடுப்பிக்கிறானே என்பது அவர் மறுமொழி. தண்டனைக்கு எல்லை உண்டு. பட்டினி அவ்வெல்லைக்கு வெளியே இருக்கிறது. வினைக் கொள்கையை மறுக்காமலே அதன் கொடுமையைப் பிடுங்கிவிடும் இந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வாதம் பொய்யாக்கப்பட்டது அவர் மறைந்த பிறகு. பொய்யாக்கியவர் ஓர் ஆங்கிலக் கவிஞர். 1874 ஜனவரி 30 ஆம் நாள் சுவாமிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்தார். இரண்டாண்டில், 1876 இல், சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பிடித்து 1878 வரையில் வாட்டியது. அப்பொழுது இந்தியாவின் வைசிராயாயிருந்த லிட்டன் பிரபு, ‘ஓவன் மெரிடித்’ என்னும் புனைபெயரில் காதற் கவிதைகளும் ‘லூசில்’ என்னும் செய்யுட் கதையும் எழுதி, இங்கிலாந்தில் வாசகர் பலரைப் பெற்றிருந்தவர். அவர் தந்தை புகழ்பெற்ற நாவலாசிரியர். 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டத்தைப் பிரகடனம் செய்தவர் அவரே. சென்னை அரசாங்கம் நிவாரணத்தில் தாராளமாயிருப்பதாகக் கருதி, சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பியவரும் அவரே. டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென்று குறைத்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவில் உழைக்கும் உடம்பு நிலைக்காதென்று எதிர்த்து வாதாடினார். சில மாதத்தில் அளவை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர் போய்விட்டது. சிறைக்கைதிக்குச் சோறிடும் அரசன் என்று சுவாமிகள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட அரசு, குற்றமற்றவனுக்கு எவ்வளவு குறைத்தால் உயிர் தங்கும் என்று நிறுத்துப் பார்த்தது.

நுட்பமான சோகங்களைச் செய்யுளில் வடித்த ஒருவரால் இது எப்படி முடிந்தது? லிட்டனைத் தனிப்பட்ட கொடியவராகக் காட்டி இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. வறுமைக்குக் காரணம் வறியவனின் சோம்பல், தானிய வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது, தாராளமான உதவி மனிதனைக் கெடுக்கும் என்னும் கொள்கைகள் அவர் காலத்துப் படித்தவர் பலருக்கு வேதமாயிருந்தன. நம் ஊர் வினைக் கொள்கை செய்யும் வேலையையே அங்கே பொருளாதார சாஸ்திரம் செய்தது. அக்காலக் கவிதையின் பெரும்பகுதி இரக்கத்தை ஓர் உணர்ச்சியாக வளர்த்தது. உணர்ச்சிக்கு ஓர் அபாயம் உண்டு: அதை அனுபவித்து முடித்ததும் கடமை முடிந்ததென்று மனம் திருப்தியடைந்துவிடும். அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படமெடுத்தார். பார்ப்பவர் கண்ணில் நீர் வரவழைக்கும் படங்கள் அவை. அலங்காரமாக அடுக்கப்பட்ட பசி அது. சுவாமிகள் தம் நூலுக்கு இட்ட தலைப்பில் காருண்யத்தை அடுத்து ஒழுக்கம் நிற்கிறது. செய்து முடிக்கும் வரையில் அது காருண்யமாகாது என்பது அவர் கணக்கு.

நெல்லையும் நீரையும் கொண்டு பசியாற்றுவது உயர்ந்த தருமம். கூலியையும் நிலத்தையும் பற்றி அது என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானது. அன்னதானப் பந்தி நாளைக்கும் பசித்து வருபவனை எதிர்பார்த்தே போடப்படுகிறது. அவன் ஏன் பசித்தான் என்று கேட்கும் வேலையைப் பந்தி செய்வதில்லை. அங்கே பாரெட் அம்மையாரின் கவிதை சட்டத்தை நோக்கிச் சென்றது. இங்கே அருட்பா அடுப்பை நோக்கிச் சென்றது. இரண்டில் ஒன்றைத் தேர்வது என்னால் இயலாது. இரண்டையும் ஒரே உள்ளத்தில் வைத்திருந்த ஒருவர் வடசென்னைத் தொழிலாளரிடையே நடமாடினார் என்பது ஆறுதல். 1918 இல் பெரம்பூரில் பி. பி. வாடியாவோடு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவப் பாடுபட்ட திரு. வி. கலியாணசுந்தரனார், இராமலிங்கரின் திருவுள்ளத்தை விளக்கி நூலெழுதியவர். வேலைநேரத்தையும் கூலியையும் பற்றி ஆலை முதலாளியோடு வாதாடுவதும் ஜீவகாருண்யமே என்று அவர் வாழ்க்கை வியாக்கியானம் செய்தது.

டோவரில் விசுவாசக் கடல் பின்வாங்கியது. நம் பக்கத்துக் கடலோ வேறு குணம் உடையது. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பின், மணல் தெற்கே தங்கிவிட, ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடல் கரையை அரித்து உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். மீனவர் வீடுகள் பல போயின. இங்கே விசுவாசமும் வற்றவில்லை. பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கப் புறப்படும் கூட்டம் இந்தச் சாலையை அடைத்துவிடுகிறது. கடவுளை நம்புகிறவர்க்கு இப்பகுதியில் என்றும் குறைவில்லை. அக்கூட்டத்துக்கு நடுவே, துறைமுகத்துக்குள் விடும் முறைக்காக நெடுநேரம் நகராமல் நிற்கும் லாரியின் அடியில் ஸ்டவ் பற்றவைத்து, ஒரு கையால் காற்றை மறைத்துக்கொண்டு, வெளிமாநிலத்து ஓட்டுநர் ஒருவர் சோறு வடிப்பதையும் பார்க்கலாம். அவரைத் தாண்டித்தான் சந்நிதிக்குப் போகவேண்டும். விசுவாசம் இவ்வளவு நிறைந்த ஊரில் கடவுள் விளங்குகிறாரா என்னும் கேள்விக்கு, ஆர்னால்டின் அளவுகோல் பயன்படாது. இராமலிங்கரின் அளவுகோலே பயன்படும். அதை வைத்து அளந்தால் நாம் தேறுவோமா என்பதில் எனக்கு மிகுந்த சந்தேகம்.

ஆங்கில இலக்கியம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘டோவர் கடற்கரை’யை நடத்தும் அதே வாரத்தில், ‘குழந்தைகளின் ஓலம்’ கவிதையையும், ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் பசியைக் கூறும் அந்தச் சில பக்கங்களையும் மாணவர் கையில் கொடுங்கள். தேர்வில் அவை வரா. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடவுள் எதனால் மறைந்தார் என்று வினாவி, மூன்றுக்கும் மாணவரை விடையெழுதச் சொல்லுங்கள். டோல்கேட்டிலிருந்து வரும் மாணவன் எந்த விடையைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதை எனக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்தால் நன்றியுடையேன்.